நீர்வாரிக்கு ஏற்ற காம்பு

கிணற்றில் விழுந்த குடத்தை எடுப்பதற்கு நம் முன்னோர் கையாண்ட கருவி பாதாளக்கரண்டி என்பதை யாவரும் அறிவர். இரும்பு வளையமொன்றிற் பல கொக்கிகளைக் கோத்து, நீண்ட கயிற்றிற் கட்டி, நீரினுள் இறக்கித் துழாவினால், குடத்தின் கழுத்தோ வாளியின் பிடியோ ஏதேனும் ஒரு கொக்கியிற் சிக்கும். கண்ணுக்குப் புலனாகாத பொருளைக் கையுணர்வு ஒன்றினாலேயே கண்டெடுக்கும் அக்கருவியின் திறம் வியக்கத்தக்கதே. ஆயினும், கொக்கி மாட்டுதற்கு இடமுள்ள பொருளே அதற்கு அகப்படும். மோதிரமும் மூக்குத்தியும் தாலிக்குண்டும் அகப்படா. ஆடிப்பதினெட்டன்று காவிரித் துறையில் மூழ்கியெழுந்த புதுமணப்பெண் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துத் திடுக்கிட்டு நிற்பாளாயின், அவளுக்குப் பாதாளக்கரண்டியால் யாதொரு பயனும் இல்லை.

இந்நாளில் அவ்வுதவிக்கு வந்திருப்பது உலோகங்காட்டி. கடைகளில் இது மெட்டல் டிடெக்டர் என்ற பெயராலேயே வழங்கும். நீர்புகாத் தட்டினையுடைய உலோகங்காட்டி, மணலுள் ஒரு சாண் ஆழத்திற் கிடக்கும் மோதிரத்தின் இருப்பிடத்தை ஒலியால் அறிவிக்கும். எடுத்துத் தருதல் அதனால் இயலாது. எடுத்தற்கு வேண்டுவது வாரி. அடுக்களையிற் பூந்தி எடுக்கும் ஜல்லிக்கரண்டியைப் பதின்மடங்கு பெருக்கி, வாயைக் கூர்மையாக்கி, ஆளுயரக் காம்பிட்டதே வாரியென்று கொள்க. பொற்கொல்லர் வீதியின் மண்ணை வாரியலசிப் பொற்றுகள் தேடும் அரிப்புக்காரர் இருந்தும் குனிந்தும் செய்யும் வேலையை, இடுப்பளவு நீரில் நின்றபடி செய்வதற்கு இது துணையாகும். தொலைந்த அணிகலனை உரியவர்க்கு மீட்டுத் தருதலே இதன் பயன் என்பதையும் இங்கேயே கூறிவிடுகிறோம். கரூரில் அமராவதி ஆற்று மணலிற் சேரர் காசுகளும் உரோமானியர் காசுகளும் கிடைத்துள்ளமை கேட்டுச் சில இளைஞர்க்கு ஆவல் மிகலாம். மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டுமென 1878-ஆம் ஆண்டின் புதையற் சட்டம் விதித்திருக்கின்றது.

நிற்க. மல்லசமுத்திரம் போன்ற ஊர்களில் மண்வெட்டியும் களைக்கொத்தும் அடித்துப் பழகிய கொல்லர்க்கு இவ்வாரியின் கிண்ணத்தைச் செய்தல் அரிய வேலையன்று. எவர்சில்வர்த் தகட்டை வளைத்துத் துளையிட்டுப் பற்றவைத்தால் முடிந்தது. சேலம் உருக்காலை 1981 முதல் அத்தகட்டை உருட்டி வருதலின், நம் நாட்டார்க்கு அது புதுப்பொருளும் அன்று. ஐயம் எழுவதெல்லாம் காம்பைப் பற்றியே. எம்மை வினவிய மாணவர் ஒவ்வொருவரும், "மிக வலிய பொருள் யாது?" என்றே கேட்டனர். இக்கேள்வி நிலத்தில் உழைக்கும் கடப்பாரைக்குப் பொருந்தும். நீருள் உழைக்கும் வாரிக்கு முற்றும் பொருந்தாது. காரணம் கூறுவோம்.

நீரின் கீழே வாரியில் நிறைந்த மணல், லிட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 1 கிலோவே நிறுக்கும். மணற்பரல்கள் தாம் விலக்கிய நீரின் எடையளவு இலேசாகி நிற்கும் என்பது ஆர்க்கிமிடீஸ் காட்டிய விதி. அம்மணலை நீர்மட்டத்திற்கு மேலே தூக்கியவுடன், பரல்கள் இழந்த எடையும் மீளும். இடைவெளிகளில் நின்ற நீரின் எடையும் சேரும். ஆகவே லிட்டருக்கு 2 கிலோவாகிவிடும். 3 லிட்டர் கொள்ளும் வாரியில் 3 கிலோவாக இருந்த சுமை இமைப்பொழுதில் 6 கிலோவாகின்றது. நீர் வடியுமளவும் அச்சுமை முழுவதும் காம்பின் அடிக்கழுத்திலேயே தங்கும். காம்புகள் முறிவது மணலைக் குத்தும்பொழுதன்று, இவ்வாறு தூக்கும்பொழுதும் நெம்பும்பொழுதுமே.

இதனினும் பெரிய காரியம் ஒன்று உண்டு. ஆற்றில் இறங்கியவனுக்குக் காம்பே ஊன்றுகோல். காவிரியில் மணல் அள்ளப்பட்ட குழிகள் வெளித்தோற்றத்திற் புலப்படுவதில்லை. முழங்கால் நீரில் நடப்பவன் அடுத்த அடியில் தலைமூழ்கும் பள்ளத்தில் இறங்க நேரும். மேட்டூர் அணையில் நீர் திறந்துவிட்ட நாளிலோ இழுப்பும் கூடும். காலை வைக்குமுன் காம்பை வைத்து ஆழம் பார்ப்பவன் அக்காம்பின்மீது தன் உடலையே நம்பி வைக்கின்றான். ஆதலின், முறியுமுன் முன்னறிவிப்புத் தரும் காம்பே நல்ல காம்பு. கையினின்று நழுவினால் மறைந்துபோகாத காம்பு அதனினும் நல்லது.

இவ்விரு குணமும் ஒருங்கே அமைந்தது மூங்கில். கணுக்களுக்கிடையே காற்றடைத்த அறைகள் இருத்தலால் அது மிதக்கும். எவர்சில்வர்க் கிண்ணம் கீழே மணலில் அமர்ந்திருக்க, மூங்கிற்காம்பு தூண்டிலின் தக்கைபோல மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். கைவிட்டவன் திரும்பி வந்து பற்றிக்கொள்ளலாம். உட்கூடான தண்டு, அதே எடையுள்ள கெட்டித்தண்டைவிட வளைவை மிகுதியாக எதிர்க்கும் என்று கலிலியோ 1638-இல் வெளியான தம் நூலில் நாணலையும் பறவை எலும்பையும் எடுத்துக்காட்டி விளக்கியுள்ளார். பொருள் நடுவைவிட்டு எவ்வளவு விலகி நிற்கின்றதோ அவ்வளவு அது வளைவைத் தாங்கும். கெட்டிக்கோலின் குறுக்களவை இரட்டித்தால் அதன் விறைப்பு 16 மடங்காகும். மூங்கில் முறியுமுன் கிறீச்சிட்டு நார்நாராகப் பிளக்கும், திடீரென இரண்டாவதில்லை.

அதன் குறைகளையும் மறைக்கவேண்டுவதில்லை. பச்சை மூங்கிலில் மாப்பொருள் மிகுதி. அதனை நாடித் துளைப்பூச்சிகள் வந்து உளுக்கச்செய்யும். வெட்டிய மூங்கிலைச் சில வாரம் ஓடுநீரில் ஊறவைத்துப் பின் நிழலில் உலர்த்தும் வழக்கம் இதற்காகவே ஏற்பட்டது. தேய்பிறையில் வெட்டிய மூங்கில் உளுக்காது என்பாரும் உளர்; எப்பிறையில் வெட்டினும் ஊறவைத்தலை விடலாகாது என்பதே எம் துணிபு. மற்றொரு குறை, நனைந்தும் காய்ந்தும் வருங்கால் உட்கூடான மூங்கில் நீளவாக்கில் வெடிப்பது. ஆதலின், கூடு மிகச் சிறுத்தோ இல்லாமலோ இருக்கும் கல்மூங்கிலையே தேர்க. தடிக்கம்புக்கு ஆகும் அதே மூங்கில் இது. வறண்ட மலைகளில் விளைவதாதலால் நம் பக்கத்துக்கு அயலானதும் அன்று. கெட்டியாயிருப்பதால் மிதப்பு சிறிது குறையும். வெடிப்பு மிகக் குறையும்.

மரக்காம்பை விரும்புவோர் நம் ஊர்த் தச்சரைக் கேட்டால் கருவேலத்தையே காட்டுவர். அது கடினமும் உரமும் உடையது. வண்டிக்கும் கலப்பைக்கும் நெடுங்காலம் உழைத்த மரம். ஆனால் கனம் மிகுதி: ஒன்றேகால் அங்குலக் குறுக்களவும் 5 அடி நீளமும் உள்ள காம்பு ஏறத்தாழ 1 கிலோ நிறுக்கும். துவளும் தன்மையில் அதனைத் தடசு வெல்லும். காவடித்தண்டு போல வளைந்து நிமிர வல்லது. மலையடிவாரத்திற் கிடைக்கும் நமையும் இவ்வினத்தது. பனைமரத்தின் பட்டைப்பகுதி வலிதேயெனினும், அதன் கருநார் ஊசிபோற் கையில் ஏறும். அதனை வாரைக்கே விட்டுவிடுக. எம்மரமாயினும் நாரோட்டம் நுனிமுதல் அடிவரை நேராகச் செல்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். நார் பக்கவாட்டில் ஓடி வெளியேறும் இடத்திலேதான் காம்பு முறியும். உயர்ந்த சாதி மரமும் இதற்கு விலக்கன்று.

மண்வெட்டிக் காம்பு ஆடினால் உழவர் அதனை வாய்க்கால் நீரில் ஊறப்போடுவர். மரம் உப்பிக் கண்ணுள் இறுகும். நிலவேலைக்கு இஃது நல்ல உபாயம். வாரிக்கு இதனைப் பின்பற்றினால் கேடு விளையும். இரும்புக் கண்ணுக்குள் உப்ப முயலும் மரம், இடமின்மையால் தன்னையே நசுக்கிக்கொள்ளும்; நசுங்கிய நார் உலருங்கால் பழைய பருமனுக்கும் குறைவாகச் சுருங்கும். ஒவ்வொரு நாளும் நனைந்து காயும் வாரியில், ஆட்டம் நாள்தோறும் மிகும். எனவே மரத்தை இறுக்கமாக அறைதலினும், நன்றாக உலர்த்தி, அடிநுனியின் வெட்டுவாயிலும் ஆணித்துளையின் உட்புறத்திலும் எண்ணெயோ வார்னிஷோ பலமுறை ஊட்டுதலே தக்கது. மரம் நீரை மிகுதியாகக் குடிப்பது இவ்வெட்டுவாய் வழியேதான்.

இனி உலோகக் குழாய்கள். ஓர் அங்குல ஜி.ஐ. குழாய் எங்கும் கிடைக்கும். 5 அடித் துண்டு 3 கிலோவுக்குக் குறையாது. அரைநாள் தூக்கியவன் மறுநாள் அதனைத் தொடமாட்டான். மெல்லிய எவர்சில்வர்க் குழாய் 1½ கிலோவுக்குள் அடங்கும், துருவும் அரிதே. அலுமினியம் அதனிற் பாதியளவே நிறுக்கும். மேட்டூரில் முன்னர் இயங்கிய அலுமினிய ஆலைக்குச் சேர்வராயன் மலையினின்றும் கொல்லிமலையினின்றும் பாக்சைட் சென்றது. ஆதலின் அதுவும் நம் மண்ணின் பொருளே. ஆனால் எவர்சில்வர்க் கிண்ணமும் அலுமினியக் காம்பும் நீரில் ஒன்றையொன்று தொட்டு நின்றால், அங்கே ஒரு சிறு மின்கலம் பிறந்து அலுமினியம் அரிக்கப்படும். ஏரிநீரில் இது மெல்ல நிகழும்; கடல்நீரில் விரைந்து நிகழும்; சேலத்தின் கழிவும் சாயநீரும் சுமந்துவரும் திருமணிமுத்தாற்றின் நீரும் இதற்கு நல்லதன்று. இடையில் ரப்பர்த் துண்டு வைத்துப் பிரித்தால் தடுக்கலாம். பி.வி.சி. குழாய் துவளும், வெயிலிற் கிடந்து நொய்ந்தபின் அறிவியாமல் உடையும், அதனை விலக்குக. கார்பன் ஃபைபர் குழாய் குணத்தில் உயர்ந்ததே. விலையில் அதனினும் உயர்ந்தது. முறிந்தால் அதன் சிலாம்பு கையிற் பாயும்.

உலோகக் காம்பில் வேறொரு இடரும் உண்டு. 1881-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் தங்கிய குண்டைக் கண்டறிய, தொலைபேசி கண்ட கிரஹாம் பெல் தாம் அமைத்த உலோகங்காட்டியைக் கொணர்ந்தார். குண்டு அகப்படவில்லை. நோயாளியின் மெத்தைக்குக் கீழே எஃகுக் கம்பிகள் இருந்தமை பின்னரே அவர்க்குத் தெரிந்தது. வாரியால் ஒருமுறை அள்ளியபின், பொருள் வந்ததா குழியிலேயே நின்றதா என்று மீண்டும் தட்டை நீருள் ஆட்டிப் பார்ப்போம். அவ்வேளையில் இரும்புக் காம்பு அருகே நின்றால் தட்டுக்கு அதுவும் ஒரு புதையலே. மரமும் மூங்கிலும் தட்டுக்குப் புலனாகா. கிண்ணத்தை மட்டும் எட்ட வைத்தாற் போதும். இன்னும் ஒன்று: நம் பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் மின்மோட்டார் இறங்கியிருக்கின்றது. ஒழுகும் மின்சாரத்திற்கு உலோகக் காம்பு நேர்வழி. நனைந்த மரமும் முழுக்காவல் அன்று. மின்னிணைப்பைத் துண்டியாமற் கிணற்றில் எக்காம்பையும் விடலாகாது.

காம்பு குற்றமற்றதாயிருந்தும் கருவி ஓயாது ஒலித்தால் மணலைப் பார்க்க. கஞ்சமலையின் காந்த இரும்புக்கல் பெயர்பெற்றது; 19-ஆம் நூற்றாண்டிற் பரங்கிப்பேட்டை இரும்பாலைக்குச் சேலத்துக் கனியே சென்றது. அத்தகைய பாறைகள் தேய்ந்த கருமணல் சேர்ந்துள்ள இடத்தில் உலோகங்காட்டி பொய்யொலி தரும். காம்பின் மேல்நுனியில் ஒரு காந்தத்தைப் பதித்து வைத்தால், கருமணலையும் துருப்பிடித்த ஆணியையும் உடனே பிரித்தறியலாம்.

பொருளைத் தேர்ந்தபின் எஞ்சுவது கழுத்து. யாம் கண்டமட்டில், கெட்டுப்போன வாரிகளிற் பெரும்பாலன காம்பின் பொருளாற் கெடவில்லை, கழுத்தாற் கெட்டன. கிண்ணத்தின் குழற்கண் காம்பின் பருமனைப்போல நான்கு மடங்கேனும் நீளமாயிருத்தல் வேண்டும். அதன் அடி திறந்திருத்தல் வேண்டும். அடைத்துவிட்டால் தேங்கிய நீரில் காம்பின் நுனி அழுகும். மறையாணி இரண்டு போதும். ஒன்றற்கொன்று குறுக்காக அமைக்க. மூங்கிலாயின் கணுவை ஒட்டியே துளையிடுக. கணுவிடையில் இட்ட துளையிலிருந்தே வெடிப்பு தொடங்கும். உட்கூடு இருப்பின், கழுத்தளவுக்கு மரக்கட்டையொன்றைச் செருகி, துளைவாயை எம்-சீல் கொண்டு அடைத்து, கண்ணுக்கு மேலே நாலங்குலம் செம்புக்கம்பியால் நெருக்கிச் சுற்றுக.

நீளத்துக்குத் தச்சரின் அளவுகோல் வேண்டா. வாரியைத் தரையில் நிறுத்தினால் காம்பின் நுனி மார்பளவுக்கு வரவேண்டும். அதற்குக் குறைந்தால் நீருட் குனிய நேரும், மிகுந்தால் நெம்புங்கை தளரும். நுனியில் ஒரு சாண் குறுக்குப்பிடி இருப்பின் காலால் அழுத்தும்பொழுது வாரி திருகாது. வேலை முடிந்தபின் நல்ல நீரிற் கழுவி, எண்ணெய்த்துணியால் துடைத்து, நிழலில் இரண்டு முளைகளின்மேற் படுக்கையாக வைக்க. சுவரிற் சாய்த்து நிறுத்திய ஈரக்காம்பு ஒரு கோடைக்குள் வில்லாகிவிடும்.