இரட்டைப் பிள்ளைகள்: இருவருக்கும் தனித்தனிக் கோப்பு

ஸ்கான் திரையைக் காட்டி வைத்தியர் "இரண்டு பிள்ளைகள்" என்று சொல்லும்போது மகிழ்ச்சியும் பயமும் ஒன்றாகவே வரும். ஊரில் என்றால் அம்மா, மாமி, சித்தி என்று கைகொடுக்க ஆட்கள் இருப்பார்கள். மொன்றியலில் பல குடும்பங்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய சில விடயங்களைத் தருகிறோம்.

கியூபெக்கின் அனுபவம்

2010 ஓகஸ்ட்டில், கனடாவிலேயே முதலாவதாக, கியூபெக் அரசு சோதனைக்குழாய்க் கருத்தரிப்புச் செலவைப் பொதுக் காப்புறுதியில் ஏற்றது. பெரும்பாலும் ஒரு கருவை மட்டுமே கருப்பையில் வைக்கவேண்டும் என்பது அதன் விதி. அதற்குமுன் இச்சிகிச்சையால் உண்டான கர்ப்பங்களில் ஏறத்தாழ நாலில் ஒன்று ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கொண்டிருந்தது. பின்னர் அது பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. 2015இல் நிறுத்தப்பட்ட இத்திட்டம், 2021 நவம்பரில் ஒரு சுற்றுச் சிகிச்சைக்கு மட்டும் மீண்டும் ஆரம்பமானது. இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரத்துக்கு முன்பே பிறப்பதால்தான் இவ்வளவு கவனம்.

முதல் கேள்வி

11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கானில், "நச்சுக்கொடி ஒன்றா, இரண்டா?" என்று கட்டாயம் கேளுங்கள். ஒரே நச்சுக்கொடியைப் பகிரும் பிள்ளைகளில், ஒருவரின் இரத்தம் மற்றவருக்கு அளவுக்கு மீறிப் போகும் ஆபத்து உண்டு. அதனால் 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கான் செய்வார்கள். உடம்பு சுகமாகத்தானே இருக்கிறது என்று அதைத் தவறவிட வேண்டாம். வயிறு திடீரென்று பெருத்து இறுகினால் அடுத்த ஸ்கான் வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

குறியீடுகள் ஏன்?

வைத்தியசாலைகள் நோய்களையும் பிரசவங்களையும் சர்வதேசக் குறியீடுகளால் பதிவுசெய்கின்றன. இரட்டைக் கர்ப்பத்துக்கு ஓ30.0, இருவரும் உயிருடன் பிறந்தால் தாயின் கோப்பில் இசட்37.2, வைத்தியசாலையில் பிறந்த இரட்டையர் ஒவ்வொருவரின் கோப்பிலும் இசட்38.3. அதாவது ஒரு பிரசவம், மூன்று நோயாளிகள், மூன்று கோப்புகள். எத்தனை தாதியர், எத்தனை கட்டில்கள் தேவை என்று திட்டமிட இவை உதவுகின்றன.

ஆனால் ஒரு பிள்ளையின் மருந்தோ பரிசோதனையோ மற்றவரின் பேரில் பதியப்படும் தவறு, இரட்டையரிடையே கூடுதலாக நடக்கக்கூடியது. பிறந்தவுடன் இருவருக்கும் பெரும்பாலும் தாயின் குடும்பப் பெயரும் "ஏ", "பி" என்ற எழுத்துமே இருக்கும். பிறந்த திகதியும் ஒன்றே. நாமும் ஓசை ஒத்த பெயர்களையே இரட்டையருக்கு விரும்பி வைக்கிறோம். குறைந்தது முதலெழுத்தாவது வேறுபட்டால் நல்லது.

நீங்கள் செய்யவேண்டியவை

• பாலோ மருந்தோ கொடுக்குமுன் கைப்பட்டியைத் தாதியுடன் சேர்ந்து வாசியுங்கள்.
• ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கொப்பி வைத்து நிறை, ஊசி, மருந்து ஆகியவற்றை எழுதுங்கள்.
• பிறப்பை 30 நாட்களுக்குள், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பதியுங்கள். நம்மவர் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எழுதுவதால் எழுத்துப்பிழைகள் வரும். மருத்துவ அட்டை வந்ததும் சரிபாருங்கள்.
• கியூபெக் பெற்றோர் காப்புறுதியில், 2021 முதல் இரட்டையரின் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் மேலதிகமாக 5 வார விடுப்பு உண்டு. தகப்பன்மாரே, அதைக் கேட்டுப் பெறுங்கள்.
• சந்தேகம் வந்தால் 811 இலக்கத்தில் இரவு பகல் எந்நேரமும் தாதியுடன் பேசலாம்.

"இது எந்தப் பிள்ளைக்கு?" என்று பத்துத்தரம் கேட்டாலும் யாரும் குறை நினைக்கமாட்டார்கள். கேளாமல் விடுவதுதான் ஆபத்து.