பழைய மாண்டலின்களைச் சேகரித்தலும் வாங்கி விற்றலும்

பழைய மாண்டலின் சேகரிப்பு என்பது, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் செய்யப்பட்ட மாண்டலின்களைத் தேடி வாங்குதல், பிறரோடு மாற்றிக்கொள்ளுதல், பழுது நீக்குதல், விற்றல் ஆகியவற்றைக் குறிக்கும். இது அமெரிக்காவில் மிகுதியாக வேரூன்றியுள்ளது. அங்கு ஒரே நிறுவனம் ஒரே காலத்தில் செய்த இரண்டு மாண்டலின்களில் ஒன்று சில ஆயிரம் டாலருக்கும், மற்றொன்று ஒரு லட்சம் டாலருக்கு மேலும் விலைபோவதுண்டு. இந்த வேறுபாட்டுக்கு ஒலி மட்டும் காரணமன்று. செய்தவர் யார், எத்தனை எஞ்சியுள்ளன, எவ்வளவு மாறாமல் உள்ளது, யார் கையில் இருந்தது ஆகிய நான்கும் சேர்ந்தே விலையை முடிவு செய்கின்றன. இவை தெரியாமல் வாங்குபவர் பணத்தை இழப்பார். இவற்றை மட்டுமே பார்ப்பவர் நல்ல கருவியைத் தவறவிடுவார்.

கருவியின் வகைகள்

மாண்டலினில் பொதுவாக எட்டு எஃகுத் தந்திகள் இருக்கும். இரண்டிரண்டாக நான்கு இணைகளாகக் கட்டப்படும் இவை வயலினைப் போலவே ஜி, டி, ஏ, ஈ என்னும் சுரங்களுக்குச் சுருதி சேர்க்கப்படும். சேகரிப்பாளர்கள் இக்கருவியை முதுகின் அமைப்பைக் கொண்டு மூன்றாகப் பிரிப்பர்.

முதலாவது கிண்ண முதுகு மாண்டலின். மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து ஒட்டிச் செய்யப்படும் இதன் தாயகம் இத்தாலி. நேப்பிள்ஸ் நகரின் வினாச்சியா குடும்பத்தாரும் ரஃபாயேலே கலாச்சேயும் (1863–1934), ரோம் நகரின் லூயிஜி எம்பெர்கரும் (1856–1943) இவ்வகையில் புகழ்பெற்றவர்கள்.

இரண்டாவது தட்டை முதுகு மாண்டலின். பென்சில்வேனியா மாநிலத்தின் நாசரத் ஊரிலுள்ள மார்ட்டின் நிறுவனம் முதலில் கிண்ண முதுகும், 1914 முதல் தட்டை முதுகும் செய்தது.

மூன்றாவது செதுக்கு முறை மாண்டலின். வயலினைப் போல மேற்பலகையும் அடிப்பலகையும் தடித்த மரத்திலிருந்து வளைவாகச் செதுக்கப்படும். இம்முறையை மாண்டலினுக்குக் கொண்டுவந்தவர் ஆர்வில் கிப்சன் (1856–1918). இவர் 1898இல் தம் மாண்டலின் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1902இல் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் அவர் பெயரால் கிப்சன் நிறுவனம் தொடங்கப்பட்டது. இந்நிறுவனம் இரண்டு வடிவங்களைச் செய்தது. துளி வடிவ உடல் கொண்டது ஏ வகை. மேற்பகுதியில் சுருளும் பக்கங்களில் கூர்முனைகளும் கொண்டது எஃப் வகை.

அமெரிக்காவில் மாண்டலின் அலை

1880இல் ஸ்பெயினிலிருந்து ஒரு மாணவர் இசைக்குழு நியூயார்க் சென்று வாசித்தது. அவர்கள் வாசித்தது மாண்டலினை ஒத்த பந்துரியா என்னும் கருவி. அமெரிக்காவில் குடியேறியிருந்த இத்தாலியர்கள் அதே பாணியில் மாண்டலின் குழுக்களை அமைத்தனர். அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஊருக்கு ஊர் மாண்டலின் குழுக்கள் தோன்றின. சிகாகோவின் லயன் அண்டு ஹீலி போன்ற பெருந்தொழிற்சாலைகள் கிண்ண முதுகு மாண்டலின்களைப் பெரும் எண்ணிக்கையில் செய்து குவித்தன.

கிப்சன் நிறுவனம் கடைகளை மட்டும் நம்பவில்லை. இசை ஆசிரியர்களையே தன் முகவர்களாக்கி, அவர்கள் மூலம் மாணவர்களுக்குத் தவணை முறையில் விற்றது. இதனால் சிற்றூர்களுக்கும் நல்ல மாண்டலின்கள் சென்றன. வாங்கியவர்கள் வாசிப்பதை நிறுத்தியபின் அவை பரண்களிலும் கட்டிலின் கீழும் பல பத்தாண்டுகள் கிடந்தன. பிற்காலச் சேகரிப்பாளர்களுக்குக் கிடைத்த சரக்கில் பெரும்பகுதி இவ்வாறு வந்ததே.

லாயிட் லோர் காலம்

1919இல் லாயிட் லோர் என்னும் இசைக்கலைஞர் கிப்சன் நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் காலத்தில் 1922இல் எஃப்-5 என்னும் மாதிரி வெளிவந்தது. முன்பிருந்த வட்டத் துளைக்குப் பதிலாக வயலினில் உள்ளதுபோல் இரண்டு எஃப் வடிவத் துளைகள் இடப்பட்டன. எஃப்-4 மாதிரியில் கழுத்து உடலோடு 12ஆம் மெட்டில் சேரும். எஃப்-5இல் அது 15ஆம் மெட்டில் சேர்ந்தது. இதனால் குதிரை மேற்பலகையின் நடுப்பகுதிக்கு அருகில் வந்தது. ஒலி கூர்மையும் வீச்சும் பெற்றது. கழுத்தினுள் திருகி முறுக்கக்கூடிய எஃகுக் கம்பி வைக்கும் முறையும் கிப்சன் கருவிகளில் அக்காலத்தில் வந்தது.

சோதித்துத் தேர்ந்த கருவிகளின் உள்ளே லோர் தம் கையெழுத்தும் தேதியும் இட்ட சீட்டு ஒட்டப்பட்டது. இவை 1922 முதல் 1924 வரையிலான காலத்தைச் சேர்ந்தவை. எண்ணிக்கையில் சில நூறு மட்டுமே. 1924இன் இறுதியில் லோர் நிறுவனத்தைவிட்டு விலகினார். எஃப்-5 அப்போது நிறுவனம் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. ஜாஸ் இசை பரவிய அக்காலத்தில் ஒலி மிகுந்த பாஞ்சோவையே மக்கள் விரும்பினர்; மாண்டலின் குழுக்கள் கலைந்துகொண்டிருந்தன.

தேவை எப்படிப் பிறந்தது

இந்நிலையை மாற்றியவர் கென்டக்கியைச் சேர்ந்த பில் மன்றோ (1911–1996). 1940களின் நடுவில் ஃபுளோரிடாவின் மயாமி நகரில் ஒரு முடிதிருத்தகத்தில் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்த எஃப்-5 ஒன்றை அவர் 150 டாலருக்கு வாங்கினார். அதன் வரிசை எண் 73987; லோர் கையெழுத்திட்ட நாள் 1923 ஜூலை 9. அக்கருவியைக் கொண்டு அவர் உருவாக்கிய இசையே புளூகிராஸ் எனப் பெயர் பெற்றது. அந்த இசையை வாசிக்க வந்த ஒவ்வொருவரும் அதே ஒலியைத் தேடினர். போருக்குப் பிந்தைய புதிய கருவிகளில் அது கிடைக்கவில்லை என்று கருதிய வாசிப்பாளர்கள் பழையவற்றை நோக்கித் திரும்பினர். 1960களின் நாட்டுப்புற இசை எழுச்சி இத்தேவையைப் பெருக்கியது.

1970களில் பழைய கருவிகளுக்கென்றே கடைகள் தோன்றின. நாஷ்வில் நகரில் ஜார்ஜ் குரூன் தொடங்கிய கடை இவற்றுள் முதன்மையானது. அவரும் வால்ட்டர் கார்ட்டரும் எழுதி 1991இல் வெளிவந்த கையேடு, ஒவ்வொரு மாதிரியையும் அதன் அடையாளங்களைக் கொண்டு இனங்காணும் முறையைப் பொதுவாக்கியது. 1994இல் டேவிட் கிரிஸ்மனும் டோனி ரைசும் வெளியிட்ட ‘டோன் போயம்ஸ்’ இசைத்தொகுப்பு, பாடலுக்குப் பாடல் வெவ்வேறு பழைய கருவிகளில் வாசிக்கப்பட்டது. விலையைக் கேள்விப்பட்டிருந்தவர்கள் ஒலியையும் ஒப்பிட்டுக் கேட்க இது வழிசெய்தது.

விலையை முடிவு செய்பவை

வயது மட்டும் விலையைத் தராது. சிகாகோத் தொழிற்சாலைகளின் சாதாரணக் கிண்ண முதுகு மாண்டலின் நூறாண்டு கடந்தும் மலிவாகவே விற்கிறது. அவை ஏராளமாக எஞ்சியுள்ளன. பெரும்பாலானவற்றில் கழுத்து மேலெழும்பி, வாசிக்க முடியாத நிலையும் உண்டு. எம்பெர்கர், கலாச்சே கருவிகளின் நிலை வேறு. மாண்டலின் குழுக்கள் இன்றும் செழித்திருக்கும் ஜப்பானில் அவற்றுக்கு மதிப்பு மிகுதி. கலாச்சே 1924இல் ஜப்பான் சென்று வாசித்தவர் என்பதையும் இங்கு நினைவில் கொள்ளலாம்.

அடுத்தது மாறாத்தன்மை. தொழிற்சாலையில் பூசிய வார்னிஷ் தேய்ந்திருந்தாலும் அதுவே உயர்ந்தது. அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினால் கருவியின் விலை ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது வணிகர்களின் பொதுக்கணக்கு. முறுக்காணிகள், குதிரை, தந்திப்பிடி, பெட்டி ஆகியவை பழையனவாகவே இருப்பது விலையைக் கூட்டும். மெட்டுக் கம்பிகள் மட்டும் இதற்கு விலக்கு. அவை தேய்வதற்கென்றே அமைந்தவை என்பதால், முறையாக மாற்றியிருந்தால் குறையாகக் கருதுவதில்லை.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கருவியைக் கையில் எடுத்ததும் வாசித்துப் பார்க்கும் ஆவல் எழும். அதற்கு முன் பின்வருவனவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

மேற்பலகை: குதிரையின் கீழ்ப்பகுதி உள்ளே அமிழ்ந்திருக்கிறதா என்று பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். அமிழ்ந்திருந்தால் உள்ளிருக்கும் தாங்குசட்டம் விட்டிருக்கலாம். விரலால் மெல்லத் தட்டும்போது கரகரப்பு எழுந்தால் எங்கோ ஒட்டு விட்டுள்ளது.

கழுத்து: ஒரு தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் அது நேர்கோல் போல நிற்கும். நடுவில் இடைவெளி அதிகமாகத் தெரிந்தால் கழுத்து வளைந்துள்ளது. லோர் காலத்துக்கு முந்திய கருவிகளில் முறுக்கும் கம்பி இல்லாததால் இவ்வளைவை எளிதில் நேராக்க முடியாது.

தலைப்பகுதி: கழுத்தும் தலையும் சேருமிடத்தில் வெடிப்பும், எஃப் வகையின் சுருள் முனையில் ஒட்டுப்போட்ட தடமும் உண்டா என்று பார்க்க வேண்டும். விழுந்த கருவி முதலில் உடைவது இவ்விடங்களில்தான்.

சீட்டும் எண்ணும்: கிப்சன் கருவியின் துளை வழியே வரிசை எண் கொண்ட சீட்டு தெரியும். எஃப்-5இல் ஒரு துளையின் கீழ் இச்சீட்டும், மற்றொன்றின் கீழ் லோர் கையெழுத்துச் சீட்டும் இருக்கும். சீட்டு ஒட்டக்கூடிய பொருள், போலியும் உண்டு. எனவே எண், தேதி, மர வேலைப்பாடு, முறுக்காணியின் அமைப்பு ஆகிய அனைத்தும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் முரண்பட்டால் அதற்கு விற்பவர் விளக்கம் தர வேண்டும்.

வாங்கும் முறைகள்

பழைய கருவிகள் மூன்று வழிகளில் கைமாறுகின்றன. கடையில் வாங்குவது முதல் வழி. விலை கூடுதலாக இருந்தாலும் கருவியின் நிலையை எழுதித் தருவார்கள். ஓரிரு நாள் வைத்திருந்து பிடிக்காவிட்டால் திருப்பித் தரும் வசதியும் வழக்கமாக உண்டு. கமிஷன் முறை இரண்டாவது. கருவி உரிமையாளருடையதாகவே இருக்கும். கடை அதை விற்றுக்கொடுத்துத் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மூன்றாவது பண்டமாற்று. தம்மிடமுள்ள கருவியைக் கொடுத்து, மிச்சத் தொகையைப் பணமாகச் சேர்த்து வேறொன்றை வாங்குவது. கடையில் மாற்றும்போது பழையதற்கு விற்பனை விலை கிடைக்காது. கடைக்காரர் தம் லாபத்தைக் கழித்தே மதிப்பிடுவார். இருவர் நேரடியாக மாற்றிக்கொண்டால் இந்த இழப்பு இல்லை. ஆனால் உத்தரவாதமும் இல்லை.

எந்த வழியானாலும் மாதிரி, வரிசை எண், பழுது பார்த்த விவரம், விலை ஆகியவற்றை எழுத்தில் பெறுவது அவசியம். அத்தாள்கள் கருவியோடு அடுத்தவருக்குச் செல்லும்போது அவையே அதன் வரலாறாகின்றன.

சட்டமும் பாதுகாப்பும்

பழைய இத்தாலிய மாண்டலின்களில் தந்தி மீட்டும் இடத்தில் ஆமையோட்டுத் தகடு பதித்திருப்பார்கள். அது அழுங்காமையின் ஓடு. பிரேசில் ரோஸ்வுட் மரமும் பல கருவிகளில் உண்டு. அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தம் இவ்விரண்டையும் மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்துள்ளது. பிரேசில் ரோஸ்வுட் 1992இல் அதில் சேர்ந்தது. ஆகவே இத்தகைய கருவியை உரிய ஆவணமின்றி நாடு கடத்திக் கொண்டுசெல்ல முயன்றால் சுங்கத்தில் பறிபோக வாய்ப்புண்டு.

கிப்சன் கருவிகளில் உள்ள தகடு ஆமையோடு போலத் தோன்றினாலும் அது செல்லுலாய்டு. இது முதுமையில் சிதையும்போது வெளியேறும் அமில ஆவி அருகிலுள்ள உலோகத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். நொறுங்கத் தொடங்கிய தகட்டைப் பெட்டிக்குள் கருவியோடு வைக்கக் கூடாது.

மரம் ஒட்டப் பயன்பட்டது தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் விலங்குப் பசை. இது வெப்பத்திலும் ஈரத்திலும் இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கருவியை விட்டுச்செல்வது ஒட்டுகளைப் பிரித்துவிடும். மறுபுறம், இளகும் தன்மை உள்ளதால்தான் பழுதுநீக்குபவர் மரத்துக்குச் சேதமின்றிக் கருவியைத் திறந்து மூட முடிகிறது. பிரிந்த ஒட்டில் நவீன ரசாயனப் பசையை ஊற்றினால் அந்த வாய்ப்பு போய்விடும். கிண்ண முதுகு மாண்டலின்களுக்கு மிக மெல்லிய தந்தி மட்டுமே கட்ட வேண்டும். தடித்த தந்தியின் இழுவை மேற்பலகையை மடக்கிவிடும்.

சேகரிப்பவரும் வாசிப்பவரும்

மாறாத்தன்மை பற்றிய விதிகளை பில் மன்றோவின் கருவியோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும். அவர் அதன் வார்னிஷைச் சுரண்டினார். நிறுவனத்தின் பழுதுவேலையில் கொண்ட கோபத்தால் தலைப்பகுதியில் இருந்த கிப்சன் என்ற பெயரைக் கத்தியால் பெயர்த்தெடுத்தார். 1985இல் அவர் வீட்டில் புகுந்த யாரோ அதை அடித்து நொறுக்கினர். அதே நிறுவனத்தின் கைவினைஞர்கள் சிதறிய துண்டுகளைச் சேர்த்து மீட்டனர். சேகரிப்பு விதிப்படி இது பலமுறை கெட்டுப்போன கருவி. இருந்தும் மாண்டலின்களில் இதைவிடப் புகழ்பெற்றது வேறில்லை. இன்று அது நாஷ்வில் நகரின் கன்ட்ரி இசை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் மதிப்பு, வாசிக்கப்பட்ட ஆண்டுகளில் சேர்ந்தது.

எனவே முதலீடாக வாங்குபவரும் வாசிக்க வாங்குபவரும் ஒரே கருவியைத் தேட வேண்டியதில்லை. ஒட்டுப்போட்ட வெடிப்பும் மாற்றிய முறுக்காணியும் கொண்ட 1910களின் ஏ வகைக் கருவி, முறையாகப் பழுது நீக்கப்பட்டிருந்தால், வாசிப்பவருக்குக் குறைந்த விலையில் நல்ல ஒலி தரும்.

கர்நாடக இசை பயில்வோருக்கு

தமிழ்நாட்டில் மாண்டலின் என்றதும் நினைவுக்கு வருபவர் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014). அவர் வாசித்தது மேற்சொன்ன வகைகளில் சேராத, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மாண்டலின். இணைத்தந்திகளைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் தருவது கடினம். மீட்டிய ஒலியும் விரைவில் அடங்கிவிடும். ஒற்றைத் தந்தியும் மின்பெருக்கமும் இவ்விரு தடைகளையும் நீக்கின. ஆகவே கர்நாடக இசைக்காக மாண்டலின் வாங்கும் மாணவர், பழைய எட்டுத் தந்திக் கருவியை வாங்கி அதைத் துளையிட்டு மாற்றுவதைத் தவிர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் பழங்கருவி தன் மதிப்பை இழக்கும். கமகத்துக்கு ஏற்ற கருவியாகவும் அது ஆகாது. இதற்கென்றே செய்யப்படும் ஐந்து தந்தி மின்மாண்டலினைத் தேர்ந்துகொள்வதே பொருத்தம்.