காலந் தவறிய கோள்

1829-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிகழ்ந்த ஒரு சந்திர கிரகணம், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிலே பெரும் வாதத்துக்கு இடமாயிற்று. பஞ்சாங்கங் கணிப்பதில் வல்லவரான அராலி விசுவநாத சாஸ்திரியார் குறித்த நேரம் ஒன்று. வட்டுக்கோட்டைச் செமினறி அதிபர் டானியல் பூவர் குறித்த நேரம் வேறொன்று. வானமே நடுவராயிற்று. கிரகணம் பூவரின் கணக்கை ஒட்டியே தோன்றியது. பழைய வாய்பாடுகளைத் திருத்தாது விட்டால், அவற்றிலுள்ள சிறு வழுக்கள் காலப்போக்கிற் பெருகுதல் இயல்பே.

ஆயின், கணக்கில் வழுவில்லாதபோதும் ஒரு கோள் காலந் தவறி வந்தால் யாது கொள்வது?

யுரேனசு என்னுங் கோள் கணித்த பாதையினின்றும் விலகிச் சென்றது. காணாத வேறொரு கோள் அதனை ஈர்க்கின்றது எனத் துணிந்த பிரெஞ்சு அறிஞர் லெவெரியே, அக்கோள் இருக்கும் இடத்தையுங் கணித்தார். 1846-இல் பெர்லின் வானாய்வு நிலையத்தார் அவர் சொன்ன இடத்தருகே நெப்தியூனைக் கண்டனர்.

அதே நெறி இன்று நம் ஞாயிற்றுக் குடும்பத்துக்கும் அப்பாலே பயன்படுகின்றது. தொலைவிலுள்ள விண்மீன்களைச் சுற்றும் கோள்களை நேரிற் காண்டல் அரிது. எனினும், கோள் தன் விண்மீனின் முன்னே கடக்கும்போது, விளக்கின் முன் ஈசல் பறந்தாற்போல, ஒளி சிறிதே மங்கும். இம்மங்கலை அளக்கவே கெப்ளர் தொலைநோக்கி 2009-இல் விண்ணுக்கு அனுப்பப்பட்டது.

கெப்ளர்-19 என்னும் விண்மீனை ஒரு கோள் 9 நாட்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்திற் சுற்றுகின்றது. அது தனித்திருந்தால், அதன் கடப்பு மணிக்கூடு போலத் தவறாது நிகழவேண்டும். அதுவோ 5 நிமிடம்வரை முந்தியும் பிந்தியும் வந்தது. மறைந்துள்ள மற்றொரு கோளின் ஈர்ப்பே அதனைச் சிலகால் விரைவித்தும் சிலகால் தாமதித்தும் வைத்தது என 2011-இல் ஆய்வாளர் அறிவித்தனர். விண்மீனை மறைக்காத ஒரு கோள், தோழனின் காலப்பிசகாலே அகப்பட்டது!

இம்முறை எடை காணவும் உதவும். ஏறக்குறைய 40 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள திராப்பிஸ்ட்-1 என்னும் விண்மீனுக்குக் கோள்கள் ஏழு. ஒன்றையொன்று ஈர்ப்பதால் அவற்றின் கடப்பு நேரங்கள் மாறுகின்றன. அம்மாற்றங்களைக் கொண்டே அவற்றின் திணிவுகளைத் தராசின்றி மதிப்பிட்டனர்.

அண்மையில் என் வகுப்பு மாணவன் ஒருவன், ஊசல் பரிசோதனையில் மற்றவற்றோடு ஒவ்வாத ஓர் அளவீட்டை அழித்துப் “பொருத்தமான” எண்ணை எழுதினான். அவனைக் கடிய எனக்கு நா எழவில்லை. மாணவப் பருவத்தில் யானும் அவ்வாறு செய்தவனே. கெப்ளர்-19-ஐ ஆராய்ந்தோர் அந்த 5 நிமிடத்தை அழித்திருந்தால், ஓர் உலகமே அழிந்திருக்கும் அன்றோ?

மாணவர்களே, ஒவ்வாத எண்ணை அழியாதீர்கள். முதலில் உங்கள் கணக்கைச் சோதியுங்கள். பின்னர்க் கருவியைச் சோதியுங்கள். அதன் பின்னும் அவ்வெண் நிற்குமாயின், அது உங்களுக்கு ஏதோ சொல்ல வந்திருக்கின்றது.