ஆக்ஸிலேட்டரை விட்டால் ஸ்டியரிங் போச்சு! பழைய ஜெட் படகு வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

இந்தப் படகுக்கு அடியில் காற்றாடி கிடையாது. சுக்கான் கிடையாது. ஆனால், வேகம் பிடித்துவிட்டால் கணுக்கால் நனையும் அளவு தண்ணீரில்கூடச் சீறிக்கொண்டு போகும். நியூஸிலாந்தின் தெற்குத் தீவில் கோடை விடுமுறை வந்துவிட்டால், கார்களுக்குப் பின்னால் டிரெய்லரில் ஏறி ஆற்றங்கரைக்கு வரும் ஜெட் படகுகளைப் பார்க்கலாம். அப்பா, அம்மா, குழந்தைகள், சாப்பாட்டுக் கூடை என்று மொத்தக் குடும்பமும் ஏறிக்கொள்ளும்.

புதுப் படகு வாங்கப் பெரிய தொகை வேண்டும். அதனால் பலர் தொடங்குவது 20, 30 வருடங்கள் ஓடிய செகண்ட் ஹேண்ட் படகில்தான். ‘இன்ஜின் கார் இன்ஜின் மாதிரிதானே இருக்கிறது, சமாளித்துவிடலாம்’ என்று நினைத்து வாங்குகிறவர்களுக்கு முதல் ஒரு வருடம் கொஞ்சம் சோதனையான வருடம். கார் ஓட்டிப் பழகிய கையும் காலும் இங்கே பல நேரம் தப்பான வழியையே காட்டும்.

விவசாயி செய்த படகு

முதலில் ஒரு சின்ன ஃபிளாஷ்பேக். பில் ஹாமில்டன், தெற்குத் தீவின் மெக்கன்ஸி பகுதியில் ‘ஐரிஷ்மேன் க்ரீக்’ என்ற ஆட்டுப் பண்ணையை நடத்தியவர். எதையாவது பிரித்து மாட்டிக்கொண்டே இருக்கும் ரகம். அந்தப் பகுதி ஆறுகள் அகலமானவை. ஆனால் கூழாங்கல் திட்டுகளுக்கு நடுவே பல ஓடைகளாகப் பிரிந்து, ஆழமில்லாமல் ஓடுபவை. சாதாரண மோட்டார் படகை இறக்கினால் காற்றாடி கல்லில் மோதி உடைந்துவிடும்.

தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சியடித்துப் படகைத் தள்ளும் யோசனை அவருக்கு முன்பே உலகத்தில் இருந்தது. அதை ஆற்றுக்கு ஏற்றபடி மாற்றியதுதான் ஹாமில்டனின் சாதனை. 1954-ல், பீய்ச்சும் குழாயைப் படகின் அடியிலிருந்து எடுத்து, பின்பக்கம் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே வைத்தார். வேகம் சட்டென்று கூடியது. 1960-ல் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில், கொலராடோ ஆற்றை எதிர்த்து இவருடைய படகுகள் ஏறின. 1974-ல் இவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. எவரெஸ்ட் புகழ் எட்மண்ட் ஹிலாரி 1977-ல் கங்கை கடலில் கலக்கும் இடத்திலிருந்து இமயமலை நோக்கி ஆற்றை எதிர்த்துப் பயணம் செய்தாரே, அது 3 ஜெட் படகுகளில்தான். நந்தப்பிரயாகை அருகே ஓர் அருவி குறுக்கிட்டதால்தான் படகுகள் நின்றன.

நம்ம வீட்டு மோட்டார்தான்!

வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்த்திருந்தால் ஜெட் படகு பாதி புரிந்த மாதிரி. படகின் அடியில் ஒரு திறப்பு. கல், குச்சி நுழையாமல் இருக்க அதன்மேல் கம்பிச் சட்டம். உள்ளே சுழலும் இம்பெல்லர் தண்ணீரை இழுத்து, குறுகிய வாய் வழியே பின்னால் வேகமாகப் பீய்ச்சுகிறது. தண்ணீர் பின்னால் போக, படகு முன்னால் போகிறது. பீய்ச்சும் வாயை இடமும் வலமுமாகத் திருப்பினால் படகு திரும்பும். பின்னால் போக வேண்டுமென்றால், வாய்க்குப் பின்னே ஒரு மூடி இறங்கி, தண்ணீரை முன்பக்கமாகத் திருப்பிவிடும். இதை ‘பக்கெட்’ என்கிறார்கள். கடற்கரைகளில் ஓடும் வாட்டர் ஸ்கூட்டரும் இதே தத்துவம்தான்.

இதிலிருந்தே முதல் எச்சரிக்கை புரியும். பீய்ச்சும் தண்ணீர்தான் ஸ்டியரிங். ஆபத்து என்றால் கார் ஓட்டுகிறவரின் கால் தானாக ஆக்ஸிலேட்டரை விட்டுவிடும். ஜெட் படகில் அப்படி விட்டால் தண்ணீர் பீய்ச்சுவது குறையும். ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் படகு நேராகத்தான் போகும். எதிரே பாறை இருந்தால் பாறையை நோக்கித்தான் போகும். விலக வேண்டுமென்றால் திருப்பிக்கொண்டே வேகம் கொடுக்க வேண்டும். பிரேக் போடுவதாக நினைத்து, முழு வேகத்தில் பக்கெட்டைப் படாரென்று இறக்குவதும் ஆபத்து. படகின் மூக்கு தண்ணீருக்குள் குத்தும், உள்ளே இருப்பவர்கள் முன்னால் தூக்கி வீசப்படுவார்கள்.

இது படித்தால் புரியும். ஆனால், கைக்குப் பழக வேண்டும். குடும்பத்தை ஏற்றும் முன்பு, தடையில்லாத ஏரியில் அனுபவசாலி ஒருவருடன் போய்ப் பல தடவை பழகிவிடுங்கள்.

வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

இன்ஜினைப் பளபளவென்று துடைத்து வைத்திருப்பார்கள். அதில் மயங்காமல் படகின் பின்பக்கம் போங்கள். இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகு, டார்ச் அடித்து இம்பெல்லரைப் பாருங்கள். அலகுகளின் ஓரம் மழுங்கியோ பிய்ந்தோ இருக்கிறதா? இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் இடையே உள்ள இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவாக, மிகக் குறைவாக இருக்க வேண்டும். மணலும் சரளையும் தேய்த்துத் தேய்த்து இந்த இடைவெளி பெரிதாகிவிட்டால், இழுத்த தண்ணீர் அதன் வழியே திரும்பி நழுவிவிடும்.

இம்பெல்லரைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் தண்டின் பேரிங் தேய்ந்திருக்கலாம். தண்டு படகுக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் கசிகிறதா என்றும் பாருங்கள். பழைய வகைக் கயிற்று அடைப்பில் ஓடும்போது சில சொட்டுகள் விழுவது இயல்பு. புதிய வகை சீல் என்றால் கசியவே கூடாது. ஆடுவது, கசிவது இரண்டும் இருந்தால், பம்பை மொத்தமாகக் கழற்றிப் பார்க்கும் செலவைக் கணக்கில் சேர்த்தே விலை பேசுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், தண்ணீரில் இறக்கி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கரையில் வைத்து ஸ்டார்ட் செய்வதை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். பம்பின் நிலைமை தண்ணீரில்தான் தெரியும்.

மீட்டர் சொல்லும் ரகசியம்

படகு மந்தமாகப் போகிறது. கோளாறு இன்ஜினிலா, பம்பிலா? மெக்கானிக்கிடம் போகும் முன்பே ஓரளவு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதுதான் ஆர்.பி.எம். மீட்டர்.

காரில் மேடு, பாரம், கியர் என்று எல்லாமே இன்ஜின் சுற்றும் வேகத்தை மாற்றும். ஜெட் பம்ப் அப்படியல்ல. படகில் 2 பேர் இருந்தாலும் 5 பேர் இருந்தாலும், முழு வேகம் கொடுத்தால் இன்ஜின் ஏறக்குறைய ஒரே ஆர்.பி.எம்.மில்தான் நிற்கும். படகு நல்ல நிலையில் இருக்கும்போது அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு 4,200 என்று வைத்துக்கொள்வோம்.

* மீட்டர் 4,800 காட்டுகிறது, ஆனால் படகு நகர மறுக்கிறது. இன்ஜின் நன்றாக இருக்கிறது. பம்புக்குத் தண்ணீர் போதவில்லை. அடியில் உள்ள கம்பிச் சட்டத்தைப் பாசியோ பிளாஸ்டிக் பையோ அடைத்திருக்கலாம். எங்கோ காற்று உள்ளே போகலாம்; வீட்டு மோட்டார் காற்று பிடித்துக்கொண்டு வெறுமனே கத்துமே, அதே கதை. இரண்டும் இல்லையென்றால் இம்பெல்லர் தேய்மானம்.

* மீட்டர் 3,700-ஐத் தாண்டவில்லை. இப்போது சந்தேகம் இன்ஜின் பக்கம். பழைய பெட்ரோல், டேங்கில் தண்ணீர், அடைத்த ஃபில்டர், ஸ்பார்க் பிளக், முழுதாகத் திறக்காத த்ராட்டில் கேபிள் என்று வரிசையாகப் பாருங்கள். தண்டில் கயிறு சுற்றியிருந்தாலும் இப்படி இழுக்கும்.

* மீட்டர் சரியாக 4,200, வேகம் மட்டும் இல்லை. பெரும்பாலும் படகு கனத்துவிட்டது என்று அர்த்தம். அடித்தளத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் பீய்ச்சும் வாயைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த படகு திடீரென்று உதற ஆரம்பித்தால், இம்பெல்லரில் கல் சிக்கியிருக்கும், அல்லது ஓர் அலகு பிய்ந்திருக்கும். அப்படியே ஓட்டிக்கொண்டு போனால் பேரிங்கும் சேர்ந்து போகும். மெதுவாகக் கரை ஒதுங்குங்கள். படகைக் கட்டிவிட்டு அல்லது நங்கூரம் போட்டுவிட்டு இன்ஜினை நிறுத்துங்கள்; இன்ஜின் நின்ற பிறகு ஆற்றின் இழுப்பில் படகு உங்கள் பேச்சைக் கேட்காது. சாவியை எடுத்த பிறகே பம்பின் சோதனை மூடியைத் திறக்க வேண்டும். ‘என்ன ஆச்சு?’ என்று எல்லோரும் பின்பக்கம் கூடிவிடக் கூடாது. பின்பக்கம் தாழ்ந்தால் அந்தத் திறப்பு வழியாகவே படகுக்குள் தண்ணீர் வந்துவிடும்.

சூடும் நெருப்பும்

பெரும்பாலான ஜெட் படகுகளில் இன்ஜினைக் குளிர்விப்பதும் ஆற்றுத் தண்ணீர்தான். பம்பிலிருந்து ஒரு பகுதி இன்ஜினுக்குப் போகும். பனிமலையிலிருந்து வரும் ஆறுகளில் வண்டல் அதிகம். அது வடிகட்டியை அடைத்தால் இன்ஜின் கொதிக்கும். மெதுவாகப் போகும்போது மட்டும் சூடு ஏறினால், பம்பின் அழுத்தம் குறைவாக இருப்பதும் காரணமாகலாம். எப்படியானாலும் முதலில் கழற்றிப் பார்க்க வேண்டியது வடிகட்டிதான்.

அடுத்தது, யாரும் விளையாடக் கூடாத விஷயம். காரில் பெட்ரோல் கசிந்தால் ஆவி காற்றோடு போய்விடும். படகில் அது போகாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தளத்தில் தேங்கி நிற்கும். ஒரு சின்னப் பொறி போதும். அதனால்தான் படகுக்கான ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் போன்றவை பொறி வெளியே வராதபடி தனியாகச் செய்யப்படுகின்றன. பழைய படகுகளில், ‘பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கிறது, விலையும் குறைவு’ என்று யாராவது கார் பாகத்தை மாட்டியிருப்பார்கள். வாங்கியதும் இதை ஒரு மெக்கானிக்கை வைத்துச் சோதித்துவிடுங்கள். பெட்ரோல் போட்ட பிறகும், ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும் முன்பும், இன்ஜின் அறையைத் திறந்து முகர்ந்து பாருங்கள். காற்றை வெளியேற்றும் விசிறி இருந்தால் சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். வாசனை வந்தால் அன்றைக்குப் படகு வேண்டாம்.

ஓய்வுக் காலப் பராமரிப்பு

தெற்குத் தீவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். படகு ஷெட்டில் தூங்கும். ஆனால், இன்ஜினுக்குள் தண்ணீர் மிச்சமிருந்தால் அது உறையும். உறைந்தால் விரியும். விரிந்தால் இரும்பு பிளாக்கே பிளந்துவிடும். வசந்தத்தில் ஸ்டார்ட் செய்யும்போதுதான், ஆயிலில் தண்ணீர் கலந்து மோர் மாதிரி வெளுத்திருப்பது தெரியும். எல்லா வடிகால் திருகுகளையும் திறந்து, தண்ணீர் முழுவதையும் இறக்கிவிட்டு வைப்பது அரை மணி நேர வேலை. செய்யாவிட்டால் புது இன்ஜின் விலை.

கடலில் ஓட்டியிருந்தால், ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் அலச வேண்டும். அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளப் பொருத்தியிருக்கும் உலோகக் கட்டி பாதி கரைந்ததுமே மாற்றிவிடுங்கள். வாட்டர் ஸ்கூட்டர் வகை இன்ஜின்களில் ஹோஸ் மாட்டி அலசும்போது, முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பிறகு குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் குழாய், பிறகு இன்ஜின். வரிசை மாறினால் புகைக்குழாய் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறிவிடும். மற்ற இன்ஜின்களுக்கு அதனதன் கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள். பேரிங்குக்குத் தண்ணீரில் கரையாத கிரீஸ் போடுவதையும் மறக்கக் கூடாது.

படகை இறக்கும் முன் 7 விஷயங்கள்

1. வடிகால் அடைப்பான் மாட்டியாயிற்றா? இதை மறந்து, இறக்கிய இடத்திலேயே படகை மூழ்கடித்தவர்கள் உண்டு.

2. பெட்ரோல் வாசனை இல்லையே?

3. ஸ்டியரிங்கும் பக்கெட்டும் இறுக்கமில்லாமல் முழுதாக அசைகின்றனவா?

4. கம்பிச் சட்டத்தில் அடைப்பு இல்லையே? ஆழமில்லாத இடத்தில் ஸ்டார்ட் செய்யாதீர்கள். அடியில் கிடக்கும் சரளையைப் பம்ப் உறிஞ்சிவிடும்.

5. தொங்கும் கயிறுகளைச் சுருட்டி உள்ளே வைத்தாயிற்றா? நீளமான தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓடும்போது படகின் பின்பக்கத் தண்ணீரில் யாரும் இருக்கக் கூடாது.

6. அவசரத்தில் இன்ஜினை நிறுத்தும் கயிறு ஓட்டுபவரோடு இணைந்திருக்கிறதா? அவர் தூக்கி வீசப்பட்டால் படகு தானாக நிற்பது இதனால்தான்.

7. எல்லோருக்கும் அவரவர் அளவில் லைஃப் ஜாக்கெட். பெரியவர்களின் ஜாக்கெட் குழந்தையைக் காப்பாற்றாது. தண்ணீரில் விழுந்ததும் தலைக்கு மேலே கழன்று வந்துவிடும்.

நியூஸிலாந்தில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள்ளும், நீந்துகிறவர்கள் அல்லது வேறு படகிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் 5 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. அதாவது, மணிக்கு சுமார் 9 கிலோமீட்டர். சில ஆறுகளுக்கு விலக்கு உண்டு என்பதால், இறங்கும் இடத்து விதியை விசாரித்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, கையுறைப் பெட்டியில் ஒரு 40 பக்க நோட்டு வாங்கிப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் தேதி, ஓடிய மணி நேரம், முழு வேக ஆர்.பி.எம்., இன்ஜின் சூடு ஆகியவற்றை எழுதுங்கள். ஒரு கோடைக்காலம் எழுதினாலே, எந்த எண் எப்போது மாறத் தொடங்கியது என்று தெரிந்துவிடும். மெக்கானிக் கேட்கும் முதல் கேள்விக்கும் பதில் தயாராக இருக்கும். நாளைக்கு நீங்கள் அந்தப் படகை விற்கும்போது, வாங்க வருகிறவர் முதலில் புரட்டப்போவதும் அந்த நோட்டைத்தான்.