கடைமடை வீட்டுக்கும் இணையம் வர வேண்டும்

தலைவாய்க்காலில் தண்ணீர் ஓடினால் மட்டும் போதாது. கடைமடை வயலுக்கு அது வந்து சேர வேண்டும். இணைய வசதியின் நிலையும் இன்று இதுதான். கண்ணாடி இழைக் கேபிள் பல ஊராட்சி அலுவலகங்கள் வரை வந்துவிட்டது. ஆனால் ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் வீட்டுக்கும், கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டுக்கும் அது இன்னும் வரவில்லை.

'அதுதான் செல்போன் இருக்கிறதே' என்று சிலர் கேட்கலாம். பல வீடுகளில் இருப்பது ஒரே போன். அதை அப்பா வயலுக்கு எடுத்துப் போய்விட்டால் பிள்ளைகள் பாடம் பார்க்க வழியில்லை. சிட்டா எடுப்பது, பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவது, பி.எம். கிசான் உதவித்தொகைக்கு விவரம் சரிபார்ப்பது எல்லாம் இன்று இணையத்தின் வழியே நடக்கின்றன. இவற்றுக்காக வெளியூருக்கு பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போய்விடும். காப்பீட்டுக்குக் கடைசித் தேதி தவறினால், பயிர் போனாலும் இழப்பீடு கிடையாது.

யாருடைய பணம்?

2011 அக்டோபரில் தேசிய கண்ணாடி இழை வலையமைப்புத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. நாட்டில் சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளை இணைப்பது இதன் நோக்கம். இதுவே பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணி, 2018-இல் அமைக்கப்பட்ட டான்பிநெட் நிறுவனத்திடம் தரப்பட்டது.

தொலைபேசி நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் பிடித்துச் சேர்க்கும் நிதியே இத்திட்டத்துக்கு ஆதாரம். நாம் ரீசார்ஜ் செய்யும் பணத்திலிருந்தும் ஒரு பங்கு அங்கே போகிறது. ஆகவே வீட்டு இணைப்பைக் கேட்பது தானம் கேட்பதாகாது. 2023 ஆகஸ்டில் இத்திட்டம் விரிவாக்கப்பட்டு, 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஐந்தாண்டுகளில் 1.5 கோடி கிராமப்புற வீடுகளுக்கு இணைப்பு தருவது இலக்கு.

மாதக் கட்டணம்

கேபிள் வந்தாலும் மாதக் கட்டணம் கட்ட முடியாவிட்டால் பயனில்லை. கேரள அரசு 2023 ஜூன் 5-இல் கே-போன் திட்டத்தைத் தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு தருவது அதன் நோக்கம். முதல் கட்டத்தில் தொகுதிக்கு 100 வீடுகள் வீதம் 140 தொகுதிகளில் 14,000 வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். மின்வாரியக் கம்பங்களின் மீதே கேபிளைக் கொண்டுபோனதால் அந்த அளவுக்குப் பள்ளம் தோண்டும் வேலை மிச்சம்.

மானியத்தை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. அமெரிக்காவில் 2021 டிசம்பர் இறுதியில் ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 30 டாலர் வரை கட்டண உதவி தரும் திட்டம் தொடங்கியது. சுமார் 2.3 கோடி குடும்பங்கள் அதில் சேர்ந்தன. ஒதுக்கிய பணம் தீர்ந்ததும் 2024 ஜூன் 1-இல் உதவி நின்றுபோனது. எனவே செலவைக் குறைக்கும் வழியையும் பார்க்க வேண்டும்.

பெட்டிக்கடையிலும் நடத்தலாம்

அதற்கு ஒரு வழி பி.எம். வாணி திட்டம். 2020 டிசம்பரில் மத்திய அரசு இதற்கு ஒப்புதல் அளித்தது. டீக்கடையோ பெட்டிக்கடையோ வைத்திருப்பவர் ஓர் இணைப்பை வாங்கி, வைஃபை கருவி பொருத்தி, அக்கம்பக்கத்தாருக்குச் சிறு தொகைக்கு இணையம் தரலாம். கடைக்காரருக்கு உரிமமும் வேண்டாம், கட்டணமும் இல்லை. அரசிடம் பதிவு பெற்ற தொகுப்பு நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்துகொண்டால் போதும்.

இத்தகைய கடைகளுக்கு இணைப்பு விலை கட்டுப்படியாகாமல் இருந்தது. 2025 ஜூனில் டிராய் இதற்கு வரம்பு கட்டியது. 200 எம்.பி. வேகம் வரையிலான இணைப்புக்கு, வீட்டு இணைப்புக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது. சுவர்களைத் தாண்டும்போது வைஃபை அலை வலுவிழக்கும். ஆகவே கடை, வீடுகளுக்கு நடுவில் இருப்பது நல்லது.

செய்ய வேண்டியவை

1. ஊராட்சி அலுவலகத்துக்குக் கேபிள் வந்திருக்கிறதா, கருவி வேலை செய்கிறதா என்று நேரில் கேட்டறியுங்கள்.

2. இணைப்பு வேண்டும் வீடுகளைப் பட்டியலிடுங்கள். ஒரு வீடு தனியே கேட்பதைவிடத் தெருவே சேர்ந்து கேட்டால் கேபிள் இழுப்பவருக்கும் கட்டுப்படியாகும்.

3. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபையில் பட்டியலை வைத்துத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை ஆகியவற்றையும் அதில் சேருங்கள்.

4. சாலையோரம் குழாய் பதிக்கவோ வாய்க்கால் வெட்டவோ தோண்டுமுன், கேபிள் போகும் இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஓரிடத்தில் அறுந்தால் ஊரே இணைப்பை இழக்கும்.

முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சத் தெரிந்தவர்கள் நம் விவசாயப் பெருமக்கள். இணையத்தையும் அதுபோல் ஒன்றுகூடிக் கேட்டு வாங்கினால், அடுத்த காப்பீட்டுப் பதிவுக்குள் பல வீடுகள் பயன்பெற வழி பிறக்கும்.