பக்கத்து இருக்கையில் அமர்பவரின் உரிமை

2024 பிப்ரவரி 13 அன்று மதியம் மலேசியாவின் சுபாங் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய ஒரு சிறிய விமானம், சில நிமிடங்களிலேயே காப்பார் கம்போங் தோக் மூடாவில் உள்ள செம்பனைத் தோட்டத்தில் விழுந்து மண்ணுக்குள் புதைந்தது. உள்ளே இருந்த இருவரும் இறந்தார்கள். இருவர் மட்டுமே அமரக்கூடிய பிகே 160 என்னும் வேகமான விமானம் அது. இத்தாலியில், தொழிற்சாலையில் செய்யப்பட்டது. அப்படியென்றால், வீட்டுக் கொட்டகையில் தானே கட்டிய விமானத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஏறுவதற்கு முன் எவ்வளவு கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்!

முடியாத காரியம் என்று சொல்ல வரவில்லை. கேரளத்து ஆலப்புழையைச் சேர்ந்த பொறியாளர் அசோக் தாமராட்சன், கொரோனா ஊரடங்குக் காலத்தில் இங்கிலாந்தில் ‘ஸ்லிங்’ என்ற நான்கு இருக்கை விமானத்தைத் தானே கட்டினார். மகளின் பெயரைச் சேர்த்து அதற்கு ‘ஜி-தியா’ என்று பெயரிட்டு, மனைவி மக்களோடு ஐரோப்பாவைச் சுற்றிவந்தார். இங்கிலாந்தில் கட்டும் கட்டத்திலேயே ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஆசையைக் காப்பாற்றுவது இந்த ஒழுங்குதான்.

ஆபத்து எங்கே இருக்கிறது? வேகத்துக்காகச் செய்த விமானங்களில் இறக்கை சிறியது. வேகம் குறைந்தால் இறக்கைக்குத் தூக்கும் சக்தி சட்டென்று போய்விடும். தரையிறங்கத் திரும்பும் நேரத்தில் அப்படி நடந்தால் சமாளிக்க உயரம் இருக்காது. இத்தகைய விமானங்களைப் பற்றி அமெரிக்க விமானத் துறை 2009-இல் தனி எச்சரிக்கையே வெளியிட்டது.

இரண்டாவது ஆபத்து, கைமாறி வரும் விமானம். 2011-இல் அமெரிக்காவில் விபத்துக்குள்ளான வீட்டுத் தயாரிப்பு விமானங்களை ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்டவை கட்டியவரிடமிருந்து வேறொருவர் வாங்கியவை என்று தெரிந்தது. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியக் கடலோரத்தில் இறந்ததும் அப்படி வாங்கிய விமானத்தில்தான். எரிபொருள் தொட்டியை மாற்றும் கைப்பிடி, வரைபடத்தின்படி விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் பொருத்திவிட்டார். அதை எட்டிப் பிடிக்க உடம்பை முறுக்கித் திரும்ப வேண்டும். திரும்பும்போது வலது கால் தானாகவே மிதியை அழுத்திவிடும். எரிபொருள் அளவைக் காட்டும் குழாய்களும் இருக்கைக்குப் பின்னால்தான் இருந்தன. கட்டியவர் நன்மை நினைத்துத்தான் இடத்தை மாற்றினார். புதிதாக வாங்கியவருக்குக் கை அங்கே பழகியிருக்கவில்லை.

ஆகவே உங்கள் துணைவர் இப்படி ஒரு விமானம் வாங்குகிறார் என்றால், வெட்கப்படாமல் தாள்களைக் கேளுங்கள். சிஏஏஎம் எனப்படும் மலேசிய வான்போக்குவரத்து ஆணையம் தந்த பறக்கும் அனுமதி எங்கே, அதில் என்னென்ன நிபந்தனைகள், பயணியை ஏற்றலாமா, கட்டிய காலத்துப் பதிவேடு இருக்கிறதா, ஏதாவது மாற்றிக் கட்டியிருக்கிறார்களா? வீட்டுத் தயாரிப்புக்குத் தரும் அனுமதி பொதுவாக அதைத் தந்த நாட்டின் எல்லைக்குள்தான் செல்லும். தாய்லாந்தின் ஹாட்யாய்க்கோ இந்தோனேசியாவின் மேடானுக்கோ பறக்க, போய் இறங்கும் நாட்டின் இசைவும் வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: தனியார் விமானி உரிமம் வைத்திருப்பவர் கூலி வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றக்கூடாது. நண்பரின் நண்பர் காசு கேட்டால் ஏறாதீர்கள்.

பக்கத்தில் அமர்பவர் சும்மா அமரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. விமானிக்கு மயக்கம் வந்தால் இறக்கையைச் சமமாக வைத்திருப்பது, 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையில் பேசுவது, ஓடுபாதையில் இறக்குவது, இவை மூன்றையும் ஒரு பயிற்றுநரிடம் கற்றுக்கொள்ளலாம். உரிமம் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்தது பணம். இங்கேதான் நம் குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன. தனிநபர் விபத்துக் காப்புறுதிப் பத்திரத்தின் விலக்குப் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். உரிமம் பெற்ற விமான நிறுவனத்தில் கட்டணம் செலுத்திய பயணியாகப் போனால் மட்டுமே பாதுகாப்பு, மற்றப் பறத்தலுக்குக் கிடையாது என்று பெரும்பாலானவற்றில் இருக்கும். சொந்த விமானம் அந்த விலக்கில் அகப்பட்டுக்கொள்ளும். முகவரின் வாய்வார்த்தை போதாது. நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்தில் பறப்பதைப் பற்றிக் கேட்டிருந்தால் மறைக்கவும் வேண்டாம்.

இருவரும் ஒரே விபத்தில் போய்விட்டால்? யார் முதலில் இறந்தார் என்று தெரியாதபோது, 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மூத்தவரே முன்னால் இறந்ததாகக் கொள்கிறது. “எல்லாம் என் மனைவிக்கு” என்று மட்டும் உயில் எழுதிய கணவர் மூத்தவர், பிள்ளைகளும் இல்லை என்று வையுங்கள். அவர் சொத்து மனைவி வழியாக மனைவி வீட்டாருக்குப் போய்ச் சேரும்; அவரைப் பெற்ற தாய் வெறுங்கையோடு நிற்க நேரலாம். முஸ்லிம் அல்லாதோர் உயிலில் “முப்பது நாள் உயிருடன் இருந்தால்” என்ற நிபந்தனையையும், மாற்று வாரிசையும், சிறு பிள்ளைகளுக்குக் காப்பாளரையும் எழுதிவைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ தமிழ் பேசும் வழக்கறிஞருக்குப் பஞ்சமில்லை. ஊழியர் சேமநிதி நியமனத்திலும் ஒருவர் மற்றவர் பெயரை மட்டும் எழுதியிருந்தால், மூன்றாவது பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

விபத்து நடந்த பிறகு விசாரணைப் பிரிவு தரும் அறிக்கை, மறுபடி இப்படி நடக்காமலிருக்கத்தான். யார் மீதும் பழி சுமத்துவது அதன் வேலை அல்ல. இழப்பீடு வேண்டுமென்றால் குடும்பம் தனியாக வழக்குப் போட வேண்டும். அறிக்கை வரட்டும் என்று காத்திருந்து காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள். 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின்படி, இறந்தவரைச் சார்ந்து வாழ்ந்தவர்கள் மூன்று ஆண்டுகளுக்குள் கோர வேண்டும். வாழ்க்கைத் துணையை இழந்தவருக்குத் துயர இழப்பீடாக 30,000 ரிங்கிட்டும் உண்டு.

தரையில் இருந்தவர்களுக்கும் உரிமை உண்டு. 2023 ஆகஸ்ட் 17-இல் ஷா ஆலம் எல்மினா அருகே விழுந்த விமானத்தில் இருந்த எட்டுப் பேரோடு, சாலையில் போய்க்கொண்டிருந்த இருவரும் பலியானார்கள். விமானம் மேலே விழுந்து உயிரோ உடைமையோ போனால், கவனக்குறைவை மெய்ப்பிக்காமலேயே இழப்பீடு கோர 1969-ஆம் ஆண்டு வான்போக்குவரத்துச் சட்டம் வழிவிடுகிறது. அதனால்தான் விமான உரிமையாளர், மூன்றாம் தரப்புக்கும் பக்கத்தில் அமரும் துணைக்கும் சேர்த்துக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும்.

காப்புறுதி நிறுவனம் கோரிக்கையை மறுத்தால், இறுதி முடிவைக் கடிதமாகக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பான எஃப்எம்ஓஎஸ்-இடம் முறையிடலாம். நுகர்வோருக்கு அங்கே கட்டணம் கிடையாது.