ஊர்திப் பயணத்தில் காப்பி தயாரித்தல்

ஊர்திப் பயணத்தில் காப்பி தயாரித்தல் என்பது தங்கும் வசதி கொண்ட கேரவன், சுற்றுலாச் சிற்றுந்து, மகிழுந்து போன்றவற்றில் நெடுந்தொலைவு செல்வோர், வழியில் தாமே காப்பி வடித்து அருந்தும் முறையைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் வடிகட்டியில் இறக்கிய டிக்காக்சனைச் சூடான பாலுடன் கலந்து செய்யப்படுகிறது. வீட்டுச் சமையலறையில் எளிதாகக் கிடைக்கும் நிலையான தளம், தேவையான அளவு வெப்பம், புதிய பால், நல்ல நீர், காற்றோட்டம் ஆகிய ஐந்தும் ஊர்தியில் குறைவாகவே கிடைக்கும். காப்பியின் சுவையும், சில வேளைகளில் பயணிகளின் உயிரும், இவற்றை எவ்வாறு ஈடுசெய்கிறோம் என்பதைப் பொறுத்தவை.

பின்னணி

17 ஆம் நூற்றாண்டில் பாபா புதான் என்ற சூஃபி ஞானி ஏமன் நாட்டில் இருந்து ஏழு காப்பி விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலைகளில் ஊன்றினார் என்பது மரபுவழிச் செய்தி. தமிழ்நாட்டு இல்லங்களில் காப்பி பரவியது மிகப் பிற்காலத்தில்தான். இவ்வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி தமது "அந்தக் காலத்தில் காப்பி இல்லை" என்ற நூலில் ஆராய்ந்துள்ளார். இலங்கைத் தமிழில் இது கோப்பி என வழங்கும்.

வழியில் காப்பி தேடுவோர் முன்பு தொடர்வண்டி நிலையங்களையும் ஊர்களில் இருந்த உணவகங்களையும் நம்பியிருந்தனர். 2010களில் "கும்பகோணம் டிகிரி காப்பி" என்ற பலகை தாங்கிய கடைகள் நெடுஞ்சாலைகளில் பெருகின. பித்தளை டவரா டம்ளரில் காப்பி தருவது இவற்றின் அடையாளம். "டிகிரி" என்ற சொல் பால்மானியால் அளந்து தேர்ந்த, தண்ணீர் கலவாத பாலைக் குறித்தது என்பர். சிக்கரி என்பதன் திரிபே அது என்று கூறுவோரும் உளர். கேரள அரசு 2021 இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்த பின்னர், ஊர்தியிலேயே சமைத்து உண்ணும் பயணமுறை தென்னிந்தியாவில் கூடுதல் கவனம் பெற்றது. எனினும், சமையற்காரரையும் அடுப்பையும் உடன் அழைத்துச் செல்லும் கோயில் சுற்றுலா வண்டிகள் அதற்கு முன்பிருந்தே இங்கு வழக்கில் உள்ளன.

காப்பித்தூள்

வறுத்த காப்பிக்கொட்டையின் மணப்பொருள்கள் எளிதில் ஆவியாகக் கூடியவை. அரைத்தவுடன் தூளின் மேற்பரப்பு பன்மடங்காவதால் அவை விரைந்து வெளியேறுகின்றன. நிறுத்தி வைத்த ஊர்தியின் உட்புறம் வெயிலில் மிகவும் சூடேறும். இது தூளை மேலும் கெடுக்கும். எனவே ஒரு கிலோவை ஒரே பொட்டலமாக எடுத்துச் செல்வதைவிட, நாளொன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சிறு காற்றுப்புகா உறைகளாகக் கட்டி, வெயில் படாத அடித்தட்டில் வைப்பது நல்லது. கையால் சுழற்றும் அரைவை உடையோர் கொட்டையாகவே எடுத்துச் செல்லலாம்.

சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்த தூள். இதில் காஃபீன் இல்லை. நீரில் கரையும் பொருள் காப்பியைவிட மிகுதியாக இருப்பதால் டிக்காக்சனுக்கு நிறமும் கெட்டித்தன்மையும் தருகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டிற்குக் குறையக் கூடாது. கலப்பு விகிதம் உறையின் மீது அச்சிடப்பட வேண்டும். பயணத்தில் பால் நீர்த்துப் போகும் வாய்ப்பு மிகுதி என்பதால் 80:20 கலவையைப் பலர் விரும்புகின்றனர். தூய காப்பி வேண்டுவோர் தூளின் அளவைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம்.

நீர்

ஊருக்கு ஊர் நீர் மாறுவதால், ஒரே தூளும் ஒரே வடிகட்டியும் வெவ்வேறு சுவை தரும். பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீராக உள்ளது. அதிலுள்ள பைகார்பனேட்டு காப்பியின் இயல்பான புளிப்பை நடுநிலையாக்கிச் சுவையை மந்தமாக்கும். உப்புக் கரிக்கும் நீரில் காப்பி எவ்வகையிலும் தேறாது. டிக்காக்சனுக்கு வேண்டியது நான்கு பேருக்கு 200 மி.லி மட்டுமே. ஆகவே வண்டியின் நீர்த்தொட்டியைக் கழுவுவதற்கு வைத்துக்கொண்டு, காப்பிக்கென ஒரு குடுவை நல்ல குடிநீரைத் தனியே வைத்திருப்பது போதுமானது.

வெப்பம்

நான்கு பேருக்கான நீரும் பாலும் சேர்ந்து 600 மி.லி எனக் கொள்வோம். இதனை 25 °செ இல் இருந்து 95 °செ க்கு உயர்த்த ஏறத்தாழ 176 கிலோஜூல், அதாவது 49 வாட்-மணி ஆற்றல் வேண்டும். 12 வோல்ட்டு, 100 ஆம்பியர்-மணி மின்கலத்தில் 1200 வாட்-மணி இருப்பதால் இது 4 விழுக்காடு அளவே. ஆனால் சிக்கல் ஆற்றலில் இல்லை, திறனில் உள்ளது.

* ஊர்தியின் 12 வோல்ட்டுச் செருகுவாயில் 10 ஆம்பியர் மட்டுமே எடுத்தால் கிடைப்பது 120 வாட்டு. வெப்ப இழப்பே இல்லை என்று கொண்டாலும் 24 நிமிடத்திற்கு மேல் ஆகும்.
* 1500 வாட்டு மின்கெண்டி இரண்டே நிமிடத்தில் வேலையை முடிக்கும். ஆனால் மாற்றி வழியாக மின்கலத்தில் இருந்து 125 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தடித்த கம்பிகளும் தகுந்த உருகியும் அற்ற வண்டியில் இது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.
* எரிவாயு அடுப்பில் பாதி வெப்பம் வீணானாலும் சுமார் 8 கிராம் வாயுவே செலவாகும். 5 கிலோ உருளை 600 முறைக்கு மேல் வரும்.

இக்காரணத்தால் பெரும்பாலோர் எரிவாயுவையே நாடுகின்றனர். அதனுடன் வரும் இடர்கள் கீழே தரப்பட்டுள்ளன.

பால்

கொழுப்பு மிகுந்த பால் டிக்காக்சனின் கசப்பைத் தணிக்கும். நிறைகொழுப்புப் பாலில் 6 விழுக்காடும், சமன்படுத்திய பாலில் 3 விழுக்காடும் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரவிதி. உறைப்பால் குளிர்பெட்டி இன்றிக் கோடையில் சில மணி நேரத்தில் கெடத் தொடங்கும். மிகைவெப்பத்தில் பதப்படுத்தி அட்டைப்பெட்டியில் அடைத்த பாலை, பிரிக்கும் வரை, குளிர்பெட்டி இல்லாமலே வைத்திருக்கலாம். அதில் சற்றுக் காய்ந்த பாலின் வாடை இருக்கும். 80:20 கலவையில் இது பெரிதாகத் தெரியாது. பால்மாவு பயன்படுத்துவோர் அதனை முதலில் சிறிது வெதுவெதுப்பான நீரில் குழைத்து, பின்னர் கொதிக்கவைத்தால் கட்டி விழாது.

காய்ச்சிய பாலைப் பிளாஸ்கில் ஊற்றி நெடுநேரம் வைப்பது தவறான வழக்கம். சூடு 60 °செ க்குக் கீழே இறங்கியதும் நுண்ணுயிர் பெருகத் தொடங்கும். பிளாஸ்கில் வெந்நீரைக் கொண்டு செல்வதே பாதுகாப்பானது.

செய்முறை

நான்கு பேருக்கு:

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். வடிகட்டி சாய்ந்திருந்தால் நீர் ஒரு பக்கமாகவே இறங்கி, மறுபக்கத் தூள் பயன்படாமல் போகும்.
2. வடிகட்டியின் மேற்பாத்திரத்தில் 40 கிராம் தூளை இட்டு, குடைபோன்ற தட்டினால் மெதுவாக அழுத்த வேண்டும். மிகவும் அழுத்தினால் இறங்காது. அழுத்தாவிட்டால் நீர்த்து ஓடிவிடும்.
3. கொதி அடங்கிய நீர் 200 மி.லி யை இரண்டு தவணையாக ஊற்ற வேண்டும். முதலில் தூள் நனையும் அளவு ஊற்றி அரை நிமிடம் கழித்து மீதியை ஊற்றினால் தூள் சீராக ஊறும்.
4. மூடி, 15 முதல் 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். தூள் தன் எடையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நீரைப் பிடித்துக்கொள்வதால் கிடைப்பது சுமார் 120 மி.லி டிக்காக்சன்.
5. ஒரு டம்ளருக்கு 30 மி.லி டிக்காக்சன், 100 மி.லி கொதித்த பால் எனக் கலந்து, சர்க்கரை இட்டு, டவராவில் ஓரிரு முறை ஆற்றிப் பருகலாம்.

ஓடும் வண்டியில் வடிகட்டி பயன்படாது. அதிகாலையில் புறப்படுவோர் முன்னிரவே டிக்காக்சன் இறக்கி, ஆறியபின் எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் புட்டியில் மூடிக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளலாம். காலையில் பாலை மட்டும் கொதிக்கவைத்தால் போதும். டிக்காக்சனை மீண்டும் அடுப்பில் ஏற்றினாலோ, பிளாஸ்கில் சூடாகவே வைத்திருந்தாலோ மணம் நீங்கிக் கசப்பு மிஞ்சும்.

காத்திருக்க இயலாதோர்க்கு வேறு கருவிகளும் உண்டு. 1933 இல் இத்தாலியில் உருவான மோக்கா கெண்டி நீராவி அழுத்தத்தால் ஐந்தாறு நிமிடத்தில் கெட்டியான வடிநீரைத் தரும். 2005 இல் அமெரிக்காவில் வெளியான ஏரோபிரஸ் கைவிசையால் இயங்குவது; நெகிழியால் ஆனதால் உடையாது. இரண்டின் வடிநீரும் பாலுடன் கலக்க ஏற்றவை.

மலை ஊர்களில்

ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திற்கு ஒரு பாகை என்ற அளவில் நீரின் கொதிநிலை குறைகிறது. 1500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் நீர் 95 °செ அளவிலும், 2240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்தில் 92.5 °செ அளவிலும் கொதிக்கும். ஆகவே மலையில் கொதி அடங்கக் காத்திராமல் உடனே ஊற்ற வேண்டும். வடிகட்டியை முன்கூட்டியே வெந்நீரில் கழுவிச் சூடாக்குவதும் உதவும்.

பாதுகாப்பு

2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில், மதுரை தொடர்வண்டி நிலையத்தின் அருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த பயணிகள் 9 பேர் உயிரிழந்தனர். தடையை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த எரிவாயு அடுப்பைக் காலையில் காப்பி, தேநீர் போடுவதற்காகப் பற்றவைத்ததே காரணம் என்று அதிகாரிகள் தெரிவித்தனர். தொடர்வண்டிப் பெட்டியில் எரிவாயு உருளை எடுத்துச் செல்வது 1989 ஆம் ஆண்டின் இரயில்வே சட்டப்படி 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றமாகும்.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவன் ஒன்றில் இருவர் இறந்து கிடந்தனர். மின்னாக்கியில் இருந்து வெளியேறிய கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்தது பின்னர் ஆய்வில் தெரியவந்தது. நிறமும் மணமும் அற்ற இவ்வாயு, மூடிய இடத்தில் எரியும் அடுப்பில் இருந்தும் உண்டாகும்.

எனவே பின்வருவன இன்றியமையாதவை:

* இயன்றவரை அடுப்பை வண்டிக்கு வெளியே, காற்றுத் தடுப்புடன் வைத்து எரிக்க வேண்டும். உள்ளே எரிக்க நேர்ந்தால் கதவும் சன்னலும் திறந்திருக்க வேண்டும்.
* சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரைமட்டத்தில் தேங்கும். ஆகவே உருளை உள்ள அறைக்குத் தரையை ஒட்டிக் காற்றுத்துளை வேண்டும். வாடை தெரிந்தால் மின்விளக்கின் விசையைக்கூடத் தொடாமல் அனைவரும் வெளியேற வேண்டும்.
* வண்டி ஓடும்போது அடுப்பு எரியக் கூடாது. உருளையின் வால்வு மூடியிருக்க வேண்டும்.
* குளிருக்காக அடுப்பை எரியவிட்டு உறங்கக் கூடாது.
* தீயணைப்பான் கதவருகே கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டு: ஐயம்பேட்டை வழி

ஐயம்பேட்டை, காஞ்சிபுரத்தில் இருந்து வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டு செல்லும் சாலையில் அமைந்த பட்டு நெசவு ஊர். (தஞ்சாவூர் மாவட்டத்திலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு.) காஞ்சியின் கைலாசநாதர், ஏகாம்பரநாதர், வரதராசப் பெருமாள் கோயில்களைக் காணவும் பட்டு எடுக்கவும் வருவோர் இச்சாலையைப் பயன்படுத்துகின்றனர். நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணி அளவில்தான் கோயில்கள் திறக்கும். நின்று நிதானமாக ஒரு வடிகட்டி இறக்க இந்த இடைவேளை தாராளமாகப் போதும்.

நெசவு ஊர்களில் வண்டியை நிறுத்துமிடம் குறித்துத் தனிக் கவனம் தேவை. பட்டுப் பாவைத் தெருவின் நீளத்திற்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்தும் வேலை காலை வேளைகளில் தெருவிலேயே நடைபெறும். அங்கு வண்டியை நுழைத்தால் பாவு அறுபடலாம். அடுப்புக் கரியோ சிந்திய டிக்காக்சனோ பட்டு இழையில் பட்டால் கறை போவது அரிது. ஒரு பாவு என்பது ஒரு நெசவாளர் குடும்பத்தின் பல நாள் உழைப்பு. ஆகவே இவ்வூர்களில் முதன்மைச் சாலையோரம் திறந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, அங்கேயே அடுப்பு மூட்டி, காப்பிச் சக்கையை உறையில் கட்டி எடுத்துச் செல்வதே முறையாகும்.